எமது ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் பாதுகாப்பு: பொதுக்கூட்டத்துக்கு முன் ஒரு வேண்டுகோள்

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

கடந்த நிர்வாகக் கூட்டத்தின் அறிக்கையைப் படித்தேன். இலங்கையிலுள்ள எங்கள் ஊர் ஆரம்பப் பாடசாலைக்குச் சுற்றுமதில் கட்டவும், நான்கு கண்காணிப்புக் கமராக்கள் பொருத்தவும், மாலைநேர வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்களை நியமிக்கவும் நிதி ஒதுக்கியிருக்கிறோம். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். இலண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் பதினொரு ஆண்டுகளாகக் கற்பித்தல் உதவியாளராக வேலை செய்பவள் என்ற வகையில், முதற் கல்லை வைப்பதற்கு முன்னர் சங்கமாகிய நாங்கள் எங்களுக்கே சில விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தேர்த்திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தபோது, சங்கத்தின் சார்பில் புத்தகப் பைகளைக் கையளிக்கப் பாடசாலைக்குச் சென்றேன். வாசலில் எவரும் என் பெயரைக் கேட்கவில்லை. ஒப்பமிட வருகைப் பதிவேடும் இருக்கவில்லை. தரம் இரண்டு ஆசிரியை, அவசரமாக ஒரு படிவத்தை வலயக் கல்விப் பணிமனையில் கொடுக்க வேண்டும் என்று வகுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைகளுடன் நான் தனியே இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்பதைத் தவிர என்னைப் பற்றி அங்கு எவருக்கும் எதுவும் தெரியாது. அன்று எடுத்த படங்களுள் ஒன்று எங்கள் முகநூல் பக்கத்தில் வெளிவந்தது: பையை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும் ஒரு பெண் பிள்ளை, கீழே அவளது முழுப்பெயர், வகுப்பு, ‘தந்தையை இழந்தவர்’ என்ற குறிப்பு. அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தவள் நான். சில வாரங்களின் பின்னர் அறிமுகமில்லாத ஒருவர் பாடசாலைக்குத் தொலைபேசியில் பேசி, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, நேரடியாக அவளுக்கு உதவ விரும்புவதாகவும் வீட்டு முகவரி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். ஆசிரியை கொடுக்க மறுத்துவிட்டார் என்பது எங்கள் நல்வினை. தொலைபேசியில் கேட்டவர் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். ஆனால் ஆதரவு குறைந்த ஒரு பிள்ளையைத் தேடுகின்ற எவருக்கும் தேவையான அத்தனை விவரங்களையும் நாங்களே ஊரறியக் கொடுத்திருந்தோம்.

இலண்டனில் நான் வேலை செய்யும் பாடசாலையில், எவருடைய தந்தையாக இருந்தாலும் வாசலில் ஒப்பமிடாமல் உள்ளே வர முடியாது. பின்னணிச் சோதனை முடியாத விருந்தினருக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டி கொடுக்கப்படும். அதை அணிந்தவர் தனியே நடப்பதைக் கண்டால், சமையலறைப் பணியாளரும் அவரை நிறுத்திக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை. 2002 ஓகஸ்ட் மாதத்தில் கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவன் அவ்வூர் இடைநிலைப் பாடசாலையின் பராமரிப்பாளன். அவனுடைய துணைவி அச்சிறுமியரின் ஆரம்பப் பாடசாலையில் உதவியாளராக இருந்தவர். வேறொரு பிரதேசத்தில் அவன்மீது முன்னரே பல முறைப்பாடுகள் இருந்தும், அவனை வேலைக்கு எடுத்தவர்களுக்கு அவை தெரியவரவில்லை. இக்கொலைகளை அடுத்து நடந்து, 2004இல் வெளியான பிச்சார்ட் விசாரணை அறிக்கைக்குப் பின்னரே, பிள்ளைகளுடன் வேலை செய்பவர்களைச் சோதிக்கும் முறை நாடு முழுவதும் இறுக்கப்பட்டது. ‘எங்கட ஊருக்குள் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே’ என்று கடந்த மாதம் இங்கே எழுதிய அண்ணருக்கு நான் தயவுடன் சொல்வது, சோஹமிலும் அந்தப் பராமரிப்பாளனும் துணைவியும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள்தான் என்பதே.

கமராக்களைப் பற்றி ஒரு சொல். அவற்றின் நேரலையை நிர்வாகக் குழுவினர் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்தபடி கைத்தொலைபேசியில் பார்க்கலாம் என்ற யோசனையை நான் முற்றாக எதிர்க்கிறேன். விளையாடும், உடை நனைந்து நிற்கும், அழும் பிள்ளைகளை நாங்கள் ஏன் தூர தேசத்திலிருந்து பார்க்க வேண்டும்? அதுவன்றி, மலசலகூடம் கட்டடத்தின் பின்புறம் வடலிகளுக்கு அப்பால் இருக்கிறது; கதவில் தாழ்ப்பாள் இல்லை. அங்கே கமரா வைக்கவும் முடியாது, வைக்கவும் கூடாது. ஒரு தாழ்ப்பாளும், சிறு பிள்ளைகள் இருவர் இருவராகப் போகும் வழக்கமும், நாலாவது கமராவைவிட அவர்களுக்கு அவசியமானவை.

ஆனாலும் ஒரு பிள்ளையைக் காப்பதில் முதலிடம், அது வாய் திறக்கும்போது கேட்பதற்கு ஒரு பெரியவர் இருப்பதற்குத்தான். என் முதலாண்டில் ஒரு சிறு பிள்ளை, சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்காகக் காலை என் முழங்காலில் வைத்தபடி, ‘இன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டாம்’ என்று தாழ்ந்த குரலில் சொன்னது. நான் பதறி, ‘ஏன், யாராவது அடிச்சவையோ?’ என்ற பொருளில் கேட்டுவிட்டேன். அது உடனே தலையை ஆட்டி, நாடாவைப் பார்த்தபடி மௌனமாகிவிட்டது. விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது; ‘அதைப் பற்றிச் சொல்லு’ என்று மட்டும் கேட்க வேண்டும்; யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது; பிள்ளை சொன்ன சொற்களையே, திருத்தாமல், அன்றைக்கே எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அதன் பின்னரே நான் சரியாகக் கற்றுக்கொண்டேன்.

அடிக்கும் கையிடம் பிள்ளை எதையும் சொல்லாது. ‘அடியாத மாடு படியாது’ என்று எங்களில் பலர் இன்றும் நம்புகிறோம். இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. ஆசிரியர் அறைந்து செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பைக் கைவிட்ட வகுப்பில்தான் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த வேறு கொடுமையையும் ஆசிரியரிடம் சொல்லத் துணியும்.

சொன்ன பின்னர் என்ன நடக்கிறது என்பதே எனக்கு மிகுந்த வேதனை தருவது. ஊர் மானம், குடும்ப மானம், பெண் பிள்ளையின் எதிர்காலம் என்று நாலு பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட, செய்தவர் தன் பாட்டில் நடமாடுவார். பிள்ளைதான் வேறு பாடசாலைக்கு மாற்றப்படும். இத்தகைய விடயங்களை இணக்கமாகத் தீர்க்கும் உரிமை எங்களுக்கோ, ஆலய பரிபாலன சபைக்கோ, அதிபருக்கோ கிடையாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் எந்நேரமும், தமிழிலும் பேசி முறைப்பாடு செய்யலாம். அந்த இலக்கத்தை வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதுவதற்கு ஒரு பேணி வர்ணம் போதும்.

ஆகவே பொதுக்கூட்டத்தில் பின்வருவனவற்றைத் தீர்மானமாக முன்வைக்க விரும்புகிறேன். சங்கத்தின் பெயரால் பாடசாலைக்குப் போகும் எவரும், அவர் தலைவராயினும், பதிவேட்டில் ஒப்பமிட்டு, ஓர் ஆசிரியர் உடனிருக்கவே பிள்ளைகளைச் சந்திக்க வேண்டும். மாலைநேர ஆசிரியர்களை நியமிக்குமுன் அவர்கள் முன்னர் கற்பித்த இடத்து அதிபருடன் நேரடியாகப் பேச வேண்டும். வகுப்பு கதவு திறந்த மண்டபத்தில், இரு பெரியவர்கள் இருக்க, பொழுது படுமுன் முடிய வேண்டும். எந்தப் பிள்ளையின் முகமும் பெயரும் எங்கள் பக்கத்தில் இனி வரக் கூடாது. நன்கொடையாளருக்குக் கணக்கறிக்கையும் பைகளின் படமும் போதுமானவை.

நான் எழுதிய குறிப்புடன் இருந்த படத்தை நேற்றிரவு நீக்கிவிட்டேன். அதே தொகுப்பில் இன்னும் பதினான்கு பிள்ளைகளின் படங்கள் உள்ளன. அவற்றை நீக்கும் அனுமதி என்னிடம் இல்லை. பக்கத்தைப் பராமரிக்கும் தம்பி, பொதுக்கூட்டம் வரை காத்திராமல், இன்றே அவற்றை நீக்கிவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.