பிரான்ஸ், இத்தாலி: ஆளில்லாத பங்க்கில் பெட்ரோல் போடுவது எப்படி?

கேள்வி (புதுப்பயணி):
பிரான்ஸின் நீஸ் நகரில் வாடகைக் கார் எடுத்து, எல்லை தாண்டி வென்டிமீலியா வழியாக இத்தாலியின் ஜெனோவா வரை போகிறோம். ஞாயிற்றுக்கிழமை பங்க்கில் ஆள் இருக்காது, மெஷின்தான் என்கிறார்கள். இந்தியக் கார்டு வேலை செய்யுமா? பெட்ரோல் காரா டீசல் காரா என்பதே சாவி வாங்கும்போதுதான் தெரியும். எதைப் பார்த்துப் போடுவது?

கியர்பாக்ஸ்:
முதலில் டேங்க் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். வட்டத்துக்குள் E5, E10 என்றிருந்தால் பெட்ரோல். சதுரத்துக்குள் B7 என்றிருந்தால் டீசல். 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இதே அடையாளம்தான், பம்ப் குழாயின் முனையிலும் (நாசில்) ஒட்டியிருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

பேரிலும் ஒரு கண்ணி உண்டு. பிரான்ஸில் 'கஸோல்', இத்தாலியில் 'கஸோலியோ' என்று எழுதியிருப்பது டீசல். காதுக்குப் பெட்ரோல் மாதிரிக் கேட்கும், ஏமாறாதீர்கள். இத்தாலியில் பெட்ரோலுக்கு 'பென்ஸீனா'. பிரான்ஸ் விலைப்பலகையில் E85தான் மலிவாகத் தெரியும். அது பெரும்பாலும் எத்தனால். ஸ்டிக்கரில் E85 இல்லாத காருக்கு வேண்டவே வேண்டாம்.

டீசல் நாசில் தடிமன் என்பதால் பெட்ரோல் காரின் வாயில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் நாசில் டீசல் காரில் சுலபமாக நுழைந்துவிடும், ஆபத்து அங்கேதான். தப்பாகப் போட்டுவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், இக்னிஷனைக்கூட ஆன் செய்யாதீர்கள். ஆன் செய்த உடனே டேங்க் பம்ப் ஓடி பெட்ரோலை எஞ்சின் பக்கம் தள்ளும். உயர் அழுத்த பம்ப்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் அதைக் கழுவிவிட்டால் உலோகம் தேய்ந்து, தூள் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போகும். காரைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். டேங்க்கைக் காலி செய்வதோடு முடியும்.

ரூட்மேப்:
கார்டு விஷயம். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே ஆன் செய்யணும். நான்கு இலக்க பின் நம்பர் (PIN) கட்டாயம் தெரிந்திருக்கணும்.

பிரான்ஸ் மெஷினில் கார்டைச் செருகி, பின் நம்பர் அடித்து, பச்சைப் பட்டனை அழுத்தி, கார்டை எடுத்து, பம்ப் எண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகே நாசிலைத் தூக்குங்கள். முன்னாலேயே தூக்கினால் ஓடாது. போடுவதற்கு முன்பே 120, 150 யூரோ வரை கார்டில் பிடித்து வைப்பார்கள். போட்டதற்கு மட்டும்தான் கடைசியில் கழியும். மீதி விடுபடச் சில நாள் ஆகலாம். முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி எடுத்துப்போகும் ஃபாரெக்ஸ் கார்டில் பணம் குறைவாக இருந்தால் மெஷின் மறுக்கும், அல்லது அடுத்த செலவுக்குக் காசு இருக்காது. கிரெடிட் கார்டுதான் இதற்கு நல்லது.

புதுப்பயணி:
நன்றி. மெஷின் கார்டை மறுத்தால்?

ரூட்மேப்:
இத்தாலி மெஷின்களில் நோட்டும் போடலாம். 20 யூரோ போட்டால் 20 யூரோவுக்குத்தான் ஓடும், சில்லறை தராது. டேங்க் முன்பே நிறைந்துவிட்டால் ரசீதைப் பத்திரமாக வைத்து, ஆள் இருக்கும் நேரத்தில் அதே பங்க்கில் மீதியைக் கேட்கணும். அதனால் சின்ன நோட்டுகள் வைத்திருங்கள். 'செர்விட்டோ' பலகை உள்ள வரிசையில் ஆள் வந்து போடுவார், லிட்டருக்கு விலையும் கூட. பிரான்ஸில் சூப்பர்மார்க்கெட் பங்க்கில் மலிவு. பகலில் ஆள் இருக்கும் கவுண்டர் வரிசையில் போய் அங்கே கார்டைக் கொடுத்துப் பாருங்கள். ஞாயிறு வருவதற்குள், சனிக்கிழமை மாலையே டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.