புல் மாதிரிகள்: இலை சுருளுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, கதிர் உதிர்கிறது

கேள்வி:
தாவரவியல் படிப்புக்காக 30 புல் வகைகளை அழுத்தி உலர்த்தித் தொகுக்க வேண்டும். 12 முடிந்திருக்கிறது, ஒன்றும் திருப்தியாக இல்லை. இலைகள் ஊசி போலச் சுருண்டுவிடுகின்றன. நாலைந்து நாளில் வேர்ப்பக்கம் பூஞ்சை படர்கிறது. காய்ந்ததைத் தூக்கினால் சிறுகதிர்கள் கொட்டி வெறும் காம்பு மிஞ்சுகிறது. காலையில் பறித்துப் பையில் போட்டு, மாலையில் செய்தித்தாளுக்குள் வைத்து மேலே புத்தகம் அடுக்குகிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாள் மாற்றுகிறேன். ஒரு மீட்டர் உயரப் புல்லை எப்படி வைப்பது?

பதில்:
மாலைவரை காத்திருப்பதால்தான் சுருளுகிறது. பல புற்களின் இலை மேல்தோலில் நீர் நிறைந்த பெரிய செல்கள் வரிசையாக இருக்கும். அவை நீரிழந்ததும் இலை உள்ளே மடங்கும். பறித்த இடத்திலேயே தாளுக்குள் வையுங்கள். முடியாதபோது வேரை ஈரத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் வாய்கட்டி நிழலில் கொண்டுவாருங்கள். லேசாகச் சுருண்டது சில மணி நேரம் நீரில் நின்றால் பெரும்பாலும் விரியும். மொறமொறவென்று காய்ந்ததைத் தொடாதீர்கள், உடையும்.

பூஞ்சைக்கு மண்ணும் தடித்த தூரும் காரணம். மண்ணை அலசி, நீரை ஒற்றி எடுத்து, தூரைப் பிளந்து இரண்டு மூன்று தண்டுகளை வேரோடு வையுங்கள். தடிமன் தொல்லை என்று அடியை வெட்டிவிட வேண்டாம். ஓராண்டுப் புல்லா பல்லாண்டா, மண்ணுக்குள் கிடையாக ஓடும் மட்டநிலத்தண்டு உண்டா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

முதல் தாள் மாற்றம் 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். அப்போது இலை துவண்டு சொன்னபடி கேட்கும், நீவிவிட அதுவே தருணம். பிறகு நாலைந்து நாள் தினமும். புத்தகத்துக்குப் பதில் 30 × 45 செ.மீ. பலகை இரண்டு, இறுக்க இரண்டு வார்ப்பட்டை, நடுநடுவே நெளிவு அட்டை. நெளிவு வழியாகக் காற்று ஓடினால்தான் ஈரம் வெளியேறும். மாதிரியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை.

கேட்டவர்:
இலை இப்போது விரிந்தே காய்கிறது, நன்றி. கதிர் உதிர்வது நிற்கவில்லை. செலோடேப் ஒட்டலாமா?

இன்னொரு பதில்:
செலோடேப் வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகிக் கறை விடும், பிறகு டேப் கழன்றுவிடும். முற்றிய சிறுகதிர் தானாகக் கழன்று விழுவது புல்லின் இயல்பு. மகரந்தப்பைகள் வெளியே தொங்கும் பருவத்தில் எடுங்கள். முற்றிய கதிரும் தேவைதான், உதிர்ந்ததைச் சேர்த்து மடித்த காகித உறையில் போட்டு, அந்த மாதிரியின் எண்ணையே எழுதி, மாதிரி ஒட்டும் அட்டையின் மூலையில் ஒட்டுங்கள்.

உயரத்துக்கு: அட்டை சுமார் 42 × 29 செ.மீ. ஒரு மீட்டர் புல்லை ஆங்கில N எழுத்துபோல இரண்டு இடத்தில் மடித்தால் அடங்கும். மடிப்பில் தண்டை விரலால் நசுக்கி மடியுங்கள், வெட்டாதீர்கள். பிளவு போட்ட காகிதத் துண்டுக்குள் மடிப்பைச் செருகினால் நிமிராது. நாணல் போன்றவற்றுக்கு அடி, நடு, கதிர் என்று மூன்று துண்டு, மூன்றுக்கும் ஒரே எண், குறிப்பில் முழு உயரம்.

பலரும் மறப்பது இலைநாவு. தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையும் இலைப்பரப்பும் சேருமிடத்தில் சவ்வாகவோ மயிர்வரிசையாகவோ இருக்கும். வகை அறிய மிக முக்கியம். ஓர் இலையைத் தண்டிலிருந்து சற்று விலக்கி அது தெரியும்படி அழுத்துங்கள். ஓர் இலையைப் புரட்டி அடிப்பக்கமும் காட்டுங்கள். மகரந்தப்பை, சூல்முடி நிறங்களை அங்கேயே எழுதிவிடுங்கள், காய்ந்தால் மங்கும். தண்டை விரலிடையே உருட்டும்போது முக்கோணமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கோரை. புல் கணக்கில் சேராது.

ஒட்டுவதற்கு நீர்த்த பி.வி.ஏ. பசையும் (வெள்ளைப் பசை) மெல்லிய காகிதப் பட்டைகளும் போதும். தடித்த தூரை நூலால் தைத்துவிடுங்கள். தொகுப்பில் சேர்க்குமுன் பையில் காற்றுப்புகாமல் கட்டி மைனஸ் 20 செல்சியஸில் ஒரு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வராமல் திறந்தால் ஈரம் படிந்து, மறுபடி பூஞ்சைதான்.