அப்பாவுக்கு வசனம் கேட்கணும்

குழு: ஈசூன் வீடு

மீனா அக்கா: குமார், நேத்து ஃபூனான் மால்ல ஒரு சவுண்ட்பார் கேட்டோம், டிவிக்குக் கீழ வைக்கிற நீள ஸ்பீக்கர். 5.1.2 வகை. சண்டைக் காட்சி போட்டுக் காட்டினாங்க, தரையே அதிருது!

அத்தான்: இப்பவே வாங்கிடலாம் லா. நல்ல ஆஃபர்.

குமார்: அவசரப்படாதீங்க அத்தான். வெடிச் சத்தத்துக்கு எல்லா பாரும் நல்லாத்தான் இருக்கும். வீட்ல யாரு அதிகம் டிவி பாக்குறது?

மீனா அக்கா: அப்பாதான். வசந்தம் சேனல்ல தமிழ்ச் செய்தி, நாடகம். பேசறது புரியலன்னு வால்யூமக் கூட்டுறாரு, பாட்டு வந்தா காது அடைக்குது.

குமார்: அப்போ மொதல்ல பேச்சத்தான் பாக்கணும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். 5.1.2ன்னா 5 சாதா ஸ்பீக்கர், பேஸுக்கு 1 சப்வூஃபர், மேல பாத்து 2. அந்த 5ல நடு ஸ்பீக்கர் தனியா இருக்கு, 2.1ல கிடையாது. அப்பா நாற்காலி ஜன்னல் ஓரம்ல, 2.1னா குரல் ஒரு பக்கமா இழுத்துக்கும்.

மீனா அக்கா: சரி, கடையில எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குமார்: எஃபெக்ட் எல்லாத்தையும் அணைக்கச் சொல்லுங்க. வீட்ல வைக்கிற அளவுக்குச் சத்தத்தக் குறைச்சுட்டு, தமிழ்ச் செய்தி போடுங்க. ஆம்பளக் குரல் குடத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கக்கூடாது. ‘ச’, ‘ஸ’ வர்ற எடத்துல காது கூசக்கூடாது.

குமார்: அடுத்தது மிருதங்கத் தனி. வலந்தலை, அதான் வலப்பக்கம், கணீர்னு கேக்கணும். இடப்பக்கத் தொப்பியில கைய அழுத்தி இழுக்கும்போது ‘கும்’முனு நாதம் வழுக்கிட்டு ஏறும் பாருங்க, அது தெரியணும். மட்டமான சப்வூஃபர்ல எல்லா அடியும் ஒரே ‘டும்’தான். எனக்கு இதவிட நல்ல சோதனை கிடையாது.

அத்தான்: அட்மாஸ் இருக்கே, மேலேர்ந்து சத்தம் வருமாமே?

குமார்: கடைசி 2 அதுக்குத்தான். சத்தம் சீலிங்ல பட்டுத் திரும்பும். நம்ம வீவக அடுக்குமாடி வீட்டுத் தட்டைக் கான்கிரீட் சீலிங் அதுக்குத் தோதுதான். ஆனா சவுண்ட்பார கேபினட் தட்டுக்குள்ள வச்சா மேல இருக்கிற பலகை மறிச்சிடும், அப்புறம் அந்த 2க்குக் குடுத்த காசு வீண். டிவி பின்னாடி எந்த போர்ட்னு பாத்தீங்களா?

மீனா அக்கா: 📷 எச்டிஎம்ஐ 2, பக்கத்துல ஏஆர்சின்னு போட்டிருக்கு.

குமார்: அதுலயே மாட்டுங்க, டிவி சத்தம் சவுண்ட்பாருக்குப் போற போர்ட் அதுதான். ஆப்டிகல் வயர்ல அட்மாஸ் வராது. ஏஆர்சில ஸ்ட்ரீமிங் ஆப் குடுக்கிற அட்மாஸ் வரும், டிவி அத அனுப்பணும், மாடல் நம்பர் போடுங்க பாக்குறேன். அதோட புது வகை ஈஏஆர்சி தேவைப்படுறது புளூரே டிஸ்க் மாதிரி முழுத் தர ஒலிக்குத்தான்.

அம்மா: கீழ் வீட்ல கைக்கொழந்த இருக்குப்பா. ராத்திரி தடதடன்னா நல்லாவா இருக்கும்?

குமார்: அதுவும் முக்கியம்மா. சப்வூஃபர மூலையில வைக்காதீங்க, அங்க பேஸ் இன்னும் பெருகும். அடியில தடியான ரப்பர் பாய் போடுங்க. ராத்திரி நைட் மோட். பெரிய சத்தம் அடங்கும், பேச்சு தெளிவா நிக்கும்.

அப்பா: நானும் கடைக்கு வர்றேன். செய்தி நானே கேட்டுப் பாக்குறேன்.

மீனா அக்கா: ஞாயித்துக்கெழம 11 மணி. குமார், நீயும் வா.

குமார்: வரேன்கா. பிடிக்கலன்னா எத்தனை நாளுக்குள்ள திருப்பி எடுப்பாங்கன்னு மொதல்ல கேப்போம். கடை ஹால் வேற, நம்ம மார்பிள் தரை வேற.