வீட்டை எழுதி வாங்கிய அண்ணன்: பார்ப்பவருக்கு எப்போது சொல்வது?

கொல்லைத்தோட்டம்
எட்டு எபிசோடு குடும்ப சஸ்பென்ஸ் ஒன்று எழுதுகிறேன். கும்பகோணத்தில் அம்மா பேரில் ஒரு வீடு. பேங்க் லோனுக்கு என்று சொல்லி, பெரியவன் வெற்றுத்தாளில் அம்மாவின் கையெழுத்தை வாங்கி வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்கிறான். அம்மா இறந்த பிறகுதான் இரண்டு தங்கைகளுக்கும் தெரிகிறது. இதை ஏழாவது எபிசோடு வரை மூடி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. முன்பே சொல்லிவிட்டால் மூன்றிலிருந்து ஆறு வரை அழுகைதான் மிஞ்சும். மறுப்பவர்கள் வாருங்கள்.

இடைவேளை
நான் மறுக்கிறேன். அவ்வளவு நேரம் மறைத்தால் அண்ணன் தனியாக இருக்கும் ஒவ்வொரு காட்சியிலும் கேமரா பொய் சொல்ல வேண்டிவரும். அவனிடம் தங்கை நகையைக் கொடுத்து வைக்கிறாள் என்று வையுங்கள். விஷயம் தெரியாதவருக்கு அது பாசக் காட்சி, அவ்வளவுதான். தெரிந்தவருக்கு "கொடுக்காதே" என்று கத்தத் தோன்றும். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பதை முதலிலேயே காட்டு என்று ஹிட்ச்காக் சொன்னதும் இதைத்தான். இரண்டாவது எபிசோடு முடிவில் உடைத்துவிடுங்கள்.

கொல்லைத்தோட்டம்
குண்டு வெடிக்க நேரம் குறித்திருக்கிறது. பத்திரத்துக்கு என்ன இருக்கிறது? அது பீரோவில் பத்து வருஷம் கிடக்கும். கெடு இல்லாத ரகசியத்தை முன்னாலேயே சொன்னால் கதை தொய்ந்துவிடும்.

மூலப்பத்திரம்
கெடு இருக்கிறது. அதற்கு முன் வெற்றுத்தாள் காட்சியைத் தூக்கிவிடுங்கள், அப்படி வீடு கைமாறாது. உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம், அதாவது தான செட்டில்மென்ட், பதிவாக வேண்டும். எழுதிக்கொடுப்பவர் சார்பதிவாளர் முன் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும், போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். படுத்த படுக்கை என்றால் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். பத்திரத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். ஆக இந்த ரகசியம் அண்ணன் ஒருவனுடையது அல்ல. டாகுமென்ட் ரைட்டருக்குத் தெரியும், இரண்டு சாட்சிகளுக்குத் தெரியும். அந்த இரண்டு பேர் யார் என்பதில்தான் உங்கள் துரோகமே இருக்கிறது. ஒருவர் சின்னத் தங்கையின் கணவராக இருக்கட்டும்.

இன்னொன்று. பதிவான செட்டில்மென்ட் வில்லங்கத்தில், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில், ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். தங்கைகள் ஏன் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போது வில்லங்கம் போட்டால் "அம்மா சாகக் காத்திருக்கிறாயா?" என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயமே போதும்.

திண்ணை
அப்படியானால் உயில் என்று மாற்றிவிடலாமே? உயில் வில்லங்கத்தில் வராது. பதிவு செய்தால்கூட அது 3-ஆம் புத்தகம், உயில்களுக்கென்று பதிவு அலுவலகத்தில் இருக்கும் தனிப் பதிவேடு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய ஏஜென்ட்டோதான் நகல் கேட்க முடியும்.

மூலப்பத்திரம்
ரகசியம் காக்க உயில் நல்லதுதான். ஆனால் அம்மா இருக்கும்வரை சொத்து அம்மாவுடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். துரோகம் நடந்து முடிந்துவிட்டது என்ற அழுத்தம் உயிலில் கிடைக்காது. செட்டில்மென்ட்டில் அன்றைக்கே வீடு போய்விடுகிறது, அதே வீட்டில் அம்மா மகனுக்குக் காபி போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது கெடு. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய, ஏமாற்றப்பட்ட விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம் (வழக்குப் போடும் காலக்கெடுவைச் சொல்லும் 1963 லிமிடேஷன் சட்டம், 59-ஆவது உறுப்பு). யாருக்குத் தெரியவந்த நாள்? அம்மாவுக்கு. மகள்கள் அம்மா வழியாகத்தான் வழக்கு போட முடியும். அம்மாவுக்குத் தெரிந்து மூன்று வருஷம் அவர் பேசாமல் இருந்திருந்தால், மகள்களின் வழக்கு அம்மாவோடு போய்விடும்.

ஆனால் லோன் பேப்பர் பொய் இதற்கு ஒத்துவராது. என்ன பத்திரம் என்றே தெரியாமல் கையெழுத்து வாங்கினால் அது அடியோடு செல்லாது, மூன்று வருஷக் கணக்கு அங்கே நிற்காது. இன்ன பத்திரம் என்று தெரிந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதில் ஏமாற்றப்பட்டால்தான் ரத்து கேட்க வேண்டிய பத்திரம். 1968-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றில் கணவன் சில நிலங்களைச் சொல்லி மனைவியிடம் தானப் பத்திரம் வாங்கினான், சொல்லாத நிலங்களையும் அதில் சேர்த்திருந்தான். அந்த வித்தியாசத்தை அங்கே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் இப்படி மாற்றுங்கள்: கொல்லைப்புற மனையைப் பெரியவனுக்குக் கொடுக்க அம்மாவே சம்மதிக்கிறார், மகள்களுக்குத் தெரியாமல். பத்திரத்தின் சொத்து விவரத்தில் இரண்டாவது அயிட்டமாக அவன் வீட்டையும் சேர்த்துவிடுகிறான்.

இடைவேளை
இது பிரமாதம். வீடும் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அம்மா வாய் திறக்க முடியாது. திறந்தால் மனையை ஒளித்துக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் வலிந்து மூட வைக்கும் வாய் இல்லை இது.

கொல்லைத்தோட்டம்
சரி, அம்மாவுக்கு எப்படித் தெரிகிறது? யாராவது வந்து சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

மூலப்பத்திரம்
சொத்து வரி ரசீது. மகன் பேர் மாற்றம் செய்துவிட்டால் அடுத்த ரசீது அவன் பேரில் வரும். ஒரே ஒரு ஷாட்.

தேதியில் மட்டும் கவனம். 2020-ல் ரசீது வந்ததாக வைக்காதீர்கள். கோவிட் காரணமாக 15.3.2020 முதல் 28.2.2022 வரை காலக்கெடுவில் சேர்க்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. பத்திரம் மார்ச் 2022, ரசீது அக்டோபர் 2022, அம்மாவின் மரணம் டிசம்பர் 2025 என்று வையுங்கள். அப்போது கெடு முடிந்து இரண்டு மாதம். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது என்றால், மகள்கள் வில்லங்கம் பார்த்த நாளிலிருந்து மூன்று வருஷம் இருக்கிறது. "பதிவான பத்திரம், ஊருக்கே தெரியும்" என்று அண்ணனின் வக்கீல் வாதாடுவார், அதுவும் வரட்டும்.

கொல்லைத்தோட்டம்
பத்திரத்தை இரண்டாவதிலேயே காட்டச் சம்மதம். ஆனால் அம்மாவுக்குத் தெரியும் என்பது ஏழு வரை மூடித்தான் இருக்க வேண்டும், அதை விட்டுத்தரமாட்டேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்த ரசீதைச் சின்னவள் கண்டெடுக்கிறாள். பின்பக்கம் அம்மா கையெழுத்தில் தேதி.

இடைவேளை
அதற்கும் மறுப்புத்தான். ரசீதைக் காட்டினால் வழக்கு செத்துவிடும், ஒளித்தால் இவளும் அண்ணன் மாதிரி ஆகிவிடுவாள். அது பார்ப்பவருக்கு அந்த நொடியிலேயே உறைக்க வேண்டும் என்றால் மூன்று வருஷக் கணக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாலாவது எபிசோடில் வக்கீல் கேட்கட்டும்: "உங்க அம்மாவுக்கு இது தெரியுமா? எப்போ தெரியும்?" பெரியவள் யோசிக்காமல் "தெரியாது" என்று சொல்லட்டும். ரசீது வரும் காட்சியை மூன்றிலேயே வைத்துவிடுங்கள்.

கொல்லைத்தோட்டம்
வக்கீலை ஏற்றுக்கொள்கிறேன். ரசீது மூன்றில் வேண்டாம். தபால்காரர் வருவதும் அம்மா கவரை வாங்கி உள்ளே போவதும் மட்டும் இருக்கட்டும், கவருக்குள் என்ன என்று காட்டமாட்டேன்.