சீன அரண்மனை அந்தப்புரச் சதிகள்: தொடர்களில் காண்பவற்றில் எவ்வளவு உண்மை?

கேள்வி: கரிசல் வாசகி

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டாகச் சீன அரண்மனைத் தொடர்களை சப்டைட்டில் துணையோடு பார்த்து வருகிறேன். ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. புதிதாக அரண்மனைக்குள் நுழையும் பெண்ணை மூத்த தேவியர் அவமதிக்கிறார்கள். கருவுற்றவளின் கழுத்தில் கஸ்தூரி கலந்த மாலையை அணிவித்துக் கருவைக் கலைக்கிறார்கள். பேரரசரின் அன்பைப் பெறுவதற்காகத் தோழியே தோழியைக் காட்டிக் கொடுக்கிறாள். நம் ஊர்ச் சக்களத்திச் சண்டையைப் பட்டாடை உடுத்திப் பார்ப்பது போல இருக்கிறது.

என் ஐயங்கள் இரண்டு. பேரரசரின் மனைவியர் உண்மையிலேயே இப்படி ஒருவரையொருவர் அழிக்க முயன்றார்களா? தாங் வம்சத்தில் பட்டத்தரசியாகிப் பின்னர் தாமே அரியணை ஏறிய வூ சேதியான், போட்டியாளரை வீழ்த்துவதற்காகத் தான் பெற்ற பெண் குழந்தையையே நெரித்துக் கொன்றார் என்கிறார்களே, அதற்குச் சான்று உண்டா? சீன வரலாற்றை ஊன்றிப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஏட்டுப்பூச்சி

நீங்கள் பார்க்கும் தொடர்களில் பெரும்பாலானவை சிங் வம்சத்தில், அதிலும் யோங்செங் (1722–1735), சியான்லாங் (1735–1796) ஆகிய இருவரின் காலத்தில் நடப்பவை என்பதால் முதலில் அதைப் பற்றி எழுதுகிறேன். வூ சேதியானைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சிங் அந்தப்புரத்தில் எட்டுப் படிகள் இருந்தன. உச்சியில் பட்டத்தரசி, அவருக்கு அடுத்து ஹுவாங்குய்ஃபெய் ஒருவர், குய்ஃபெய் இருவர், ஃபெய் நால்வர், பின் அறுவர், அவர்களுக்கும் கீழே எண்ணிக்கை வரம்பில்லாத குய்ரென், சாங்சாய், தாயிங் ஆகியோர். உண்ணும் இறைச்சி, குளிர்காயும் கரி, ஏவல் செய்யும் பெண்கள் என அன்றாட வாழ்வின் ஒவ்வொன்றையும் இந்தப் படிதான் தீர்மானித்தது. பட்டத்தரசிக்கு ஆண்டுக்கு 1,000 லியாங் வெள்ளியும் 10 பணிப்பெண்களும்; ஃபெய்க்கு 300 லியாங்கும் 6 பேரும்; கடைசிப் படியிலிருந்த தாயிங்குக்கு 30 லியாங்கும் 2 பேரும். (ஒரு லியாங் என்பது சுமார் 37 கிராம்.) கீழ்ப்படியினருக்குத் தனி மாளிகை கிடையாது, ஒரு மூத்த தேவியின் வளாகத்தில், அவருடைய கண்காணிப்பில் குடியிருக்க வேண்டும். எனவே பொறாமைக்கும் புறங்கூறலுக்கும் குறைவே இருந்திருக்காது என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

ஆனால் புறங்கூறுவது வேறு, கொலை செய்வது வேறு. ஒரு பெண் தன் போட்டியாளரின் குழந்தையைக் கொல்லும் அளவுக்குத் துணிய வேண்டுமென்றால், அதனால் அவளுக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிதாக இருக்க வேண்டும். அந்தப் பெரிய ஆதாயம் ஒன்றே ஒன்றுதான்: தன் மகன் அரியணை ஏறுவது. சிங் அரசர்கள் அந்த வேரையே வெட்டினார்கள். அரசகுமாரர்கள் பெரும்பாலும் பெற்ற தாயிடம் வளரவில்லை. யோங்செங்கைப் பெற்றவர் உயா குலப் பெண். அவர் அப்போது கீழ்ப்படியில் இருந்ததால் குழந்தையை வளர்த்தவர் தோங் குலத்துத் தேவி. மகன் ஒரு மாளிகையிலும் தாய் மற்றொரு மாளிகையிலும் இருக்கும்போது, தாயும் மகனும் சேர்ந்து கட்சி கட்டுவது கடினம்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. யோங்செங்கின் தந்தையான காங்சி பேரரசர் தம் பட்டத்து இளவரசரை வெளிப்படையாக அறிவித்து, 1708இல் நீக்கி, 1709இல் மீண்டும் அமர்த்தி, 1712இல் இரண்டாம் முறையாக நீக்கினார். அதன் விளைவாக அவருடைய மகன்களுக்குள் மூண்ட பகைதான் அந்நாளின் பெரிய அரண்மனைச் சதி. அதில் முன்னின்றவர்கள் வளர்ந்த ஆண்களே. இதைக் கண்கூடாகப் பார்த்த யோங்செங், 1723இல் புதிய முறையைக் கொண்டுவந்தார். வாரிசின் பெயரை எழுதி முத்திரையிட்டுப் பெட்டியில் அடைத்து, சியான்சிங் மாளிகையின் அரியணைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டார். பேரரசர் இறந்த பிறகே அதைத் திறக்க வேண்டும். யார் வாரிசு என்று தெரியாதபோது எந்தக் குழந்தைக்கு நஞ்சிடுவது? தொடர் எழுதுவோர் இந்தக் கேள்வியைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடுகிறார்கள்.

பதில் 2: பழங்கணக்கு

வூ சேதியானைப் பற்றிய கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது.

முதலில் நிகழ்ச்சிகளின் வரிசை. வூ 624இல் பிறந்தவர். பதின்ம வயதில் தைசோங் பேரரசரின் அந்தப்புரத்தில் ‘சாய்ரென்’ என்ற கீழ்ப்படியில் சேர்ந்தார். 649இல் தைசோங் இறந்ததும் வழக்கப்படி புத்த மடத்துக்கு அனுப்பப்பட்டார். புதிய பேரரசர் காவ்சோங்கின் பட்டத்தரசியான வாங் அம்மையாருக்குப் பிள்ளை இல்லை. பேரரசரின் அன்போ சியாவ் தேவியிடம் இருந்தது. சியாவின் செல்வாக்கைக் குறைப்பதற்காக வாங் தாமே முன்வந்து வூவை அரண்மனைக்கு வரவழைத்தார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். 655இல் வாங், சியாவ் இருவருமே பட்டம் இழந்து, வூ பட்டத்தரசி ஆனார்.

இனி அந்தக் குழந்தையின் இறப்பு. 961இல் தொகுக்கப்பட்ட தாங் வம்ச நிறுவனங்கள் பற்றிய ஏடு, வூவின் பெண் குழந்தை திடீரென இறந்தது என்றும், வாங் அம்மையார்தாம் கொன்றார் என்று வூ பேரரசரிடம் முறையிட்டார் என்றும் மட்டுமே கூறுகிறது. வாங் வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனது, வூ போர்வைக்குள் குழந்தையை நெரித்தது, பேரரசர் வந்ததும் முகமலர்ச்சியோடு போர்வையை விலக்கிக் காட்டியது ஆகிய காட்சிகள் அனைத்தும் 1060இல் முடிக்கப்பட்ட ‘புதிய தாங் நூல்’ வழியாகவே நமக்கு விரிவாகக் கிடைக்கின்றன. வூ இறந்ததோ 705இல். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, மூடிய அறைக்குள் சாட்சியின்றி நடந்த ஒரு செயலை எழுதியவர் எப்படி அறிந்தார்?

இதைவிட எனக்கு வலுவாகத் தோன்றும் சான்று ஒன்று உண்டு. 684இல் லி ஜிங்யே என்பவர் வூவுக்கு எதிராகப் படை திரட்டியபோது, கவிஞர் லுவோ பின்வாங் அதற்கான அறைகூவலை எழுதினார். தமக்கையைக் கொன்றவள், தமையன்மாரை அழித்தவள், பேரரசரைக் கொன்றவள், தாய்க்கு நஞ்சிட்டவள் என்று உள்ளதும் இல்லாததுமாக அத்தனை பழிகளையும் அடுக்கும் அந்த அறைகூவலில், பெற்ற மகளைக் கொன்ற குற்றச்சாட்டு மட்டும் இல்லை. பகைவர் வாயிலேயே வராத பழியை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய ஏட்டின் சொல்லை நம்பி ஏற்க நான் தயங்குகிறேன்.

வாங், சியாவ் இருவரின் முடிவும் இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது. 945ஆம் ஆண்டின் ‘பழைய தாங் நூல்’ ஒரே வரலாற்றுப் பகுதிக்குள், அவர்கள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள் என்றும், நூறு அடி அடித்துக் கைகால்களை வெட்டி மதுச்சாடியில் எறியப்பட்டார்கள் என்றும் இரு வேறு செய்திகளைத் தருகிறது. அடுத்த பிறவியில் தான் பூனையாகவும் வூ எலியாகவும் பிறந்து அவள் குரல்வளையைக் கடிப்பேன் என்று சியாவ் சபித்ததாகவும், அதன்பின் வூ அரண்மனையில் பூனை வளர்க்கத் தடை விதித்ததாகவும் உள்ள கதையும் அங்கேயே வருகிறது.

655இன் அரசாணை அவர்கள் மீது சுமத்திய குற்றம், நஞ்சிடச் சதி செய்தார்கள் என்பதே. உண்மையான மோதலோ அரசவையில் நடந்தது. சாங்சுன் வூஜி, சூ சுயிலியாங் போன்ற மூத்த அமைச்சர்கள் வூவை எதிர்த்தார்கள்; தளபதி லி ஜி மட்டும், “இது பேரரசரின் வீட்டு விவகாரம், வெளியாரைக் கேட்பானேன்?” என்ற பொருள்பட விடையளித்து வழிவிட்டார். மாமன் உறவான சாங்சுன் வூஜியின் பிடியிலிருந்து விடுபடக் காவ்சோங்குக்கும் ஒரு வாய்ப்புத் தேவைப்பட்டது. இந்த அரசியலைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டுப் பெண்களின் வஞ்சத்தை மட்டும் முன்னால் நிறுத்துவது, ஏடு எழுதிய ஆண்களுக்கு வசதியாக இருந்தது. (684இல் கலகம் செய்த லி ஜிங்யே, அதே லி ஜியின் பேரன் என்பது தனிக் கதை.)

பதில் 3: வடதிசை

மேலே எழுதிய இருவரின் கருத்தும் எனக்கு உடன்பாடே. ஆயினும் எல்லாம் கட்டுக்கதை என்ற எண்ணம் ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஹான் வம்சத்தை நிறுவிய பேரரசர் கி.மு. 195இல் இறந்ததும், லு பேரரசி தம் போட்டியாளரான சீ தேவியின் மகனை நஞ்சிட்டுக் கொன்றார். தேவியின் கைகால்களை வெட்டிக் கண்களைப் பறித்து, ‘மனிதப் பன்றி’ என்று பெயரிட்டு வைத்தார் என வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதியிருக்கிறார். அவர் அடுத்த நூற்றாண்டிலேயே வாழ்ந்தவர். சீ தேவி தன் மகனைப் பட்டத்து இளவரசனாக்க வெளிப்படையாக முயன்றவள் என்பதைக் கவனியுங்கள். வாரிசுரிமை திறந்து கிடந்த இடத்தில்தான் இரத்தம் சிந்தியது.

இதற்குப் பிற்காலத்தில் வட சீனாவை ஆண்ட வடக்கு வெய் அரசு கண்ட தீர்வு, நோயைவிடக் கொடியது. அதன் முதல் பேரரசர், வாரிசாக ஒருவனைத் தேர்ந்தெடுத்ததும் அவனைப் பெற்ற தாயைக் கொன்றுவிட வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார். 409இல் லியூ குலத்துத் தேவி அப்படிக் கொல்லப்பட்டபோது, மகன் இரவும் பகலும் அழுதான் என்றும், அதற்காகத் தந்தை சினந்ததால் அவன் அரண்மனையை விட்டு ஓடினான் என்றும் ஏடுகள் கூறுகின்றன. தாய்வழி உறவினர் ஆட்சியைக் கைப்பற்றக் கூடாது என்பது இதன் நோக்கம். நடந்தது வேறு. ஃபெங் பேரரசி இந்த வழக்கத்தையே ஆயுதமாக்கினார். வாரிசின் தாய் 469இல் கொல்லப்பட்ட பின், குழந்தையைத் தாமே வளர்த்து ஆட்சியையும் பிடித்துக்கொண்டார்.

அந்த அந்தப்புரத்தில் பெண்கள் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? இளவரசனோ இளவரசியோ பிறக்கட்டும், வாரிசு மட்டும் பிறக்க வேண்டாம் என்பதே. ஹு என்ற தேவி மட்டும் துணிந்து ஆண் குழந்தையை வேண்டிப் பெற்றார். 510இல் மகன் பிறந்தான், அவரும் உயிர் தப்பினார். பின்னாளில் ஆட்சி நடத்திய அவரை 528இல் ஒரு படைத்தலைவர் மஞ்சள் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்.

கரிசல் வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. ஏட்டுப்பூச்சி அவர்களுக்கு ஒரு துணைக்கேள்வி. வாரிசு யாரென்றே தெரியாதென்றால், சியான்லாங் காலத்தில் நாரா பட்டத்தரசி வீழ்ந்ததற்கும் வெய் தேவி உயர்ந்ததற்கும் தொடர்பு இல்லையா? தொடர்களில் இவ்விருவரும் பரம எதிரிகளாகவே வருகிறார்கள்.

பதில் 4: ஏட்டுப்பூச்சி

அப்படி ஒரு பகை இருந்ததாக அரண்மனை ஆவணங்கள் எதுவும் கூறவில்லை. 1765இல் சியான்லாங்கின் தென்திசைப் பயணத்தின்போது, ஹாங்சோ நகரில் நாரா தம் தலைமுடியைத் தாமே வெட்டிக்கொண்டார். சிங் அரச குலத்தின் மஞ்சு இன வழக்கப்படி பெண்கள் இழவுக்கு மட்டுமே முடி வெட்டுவார்கள். கணவரும் மாமியாரும் உயிரோடு இருக்கையில் அதைச் செய்வது அவர்களைச் சபிப்பதற்கு நிகர். உடனே அவர் நீர்வழியாகப் பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பட்டங்களுக்குரிய ஏடுகளும் முத்திரைகளும் பறிக்கப்பட்டன. 1766இல் அவர் இறந்தபோது வேட்டைக்குச் சென்றிருந்த பேரரசர் திரும்பி வரவில்லை. பட்டத்தரசிக்குரிய சடங்கும் செய்யவில்லை. தனிக் கல்லறைகூட இல்லாமல் மற்றொரு தேவியின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். இதை மூன்றாம் ஆள் செய்த சதியாகக் காட்டுவதைவிட, ஒரு கணவன் மனைவிக்கு இடையே முற்றிய மனக்கசப்பாகப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

வெய் தேவியின் கதைதான் என்னை அதிகம் பாதிப்பது. அரண்மனை ஊழியக் குடியில் பிறந்து ஹுவாங்குய்ஃபெய் வரை உயர்ந்தவர் அவர். அவருடைய மகன் யோங்யானையும் வேறொரு தேவிதான் வளர்த்தார். சியான்லாங் 1773இல் யோங்யானின் பெயரை எழுதிப் பலகைக்குப் பின்னால் வைத்தார். வெய் 1775இல் இறந்தார். சியான்லாங் உயிரோடிருக்கையிலேயே பட்டம் துறக்க முடிவு செய்ததால், பெயர் வெளியானது 1795இல். அப்போதுதான் இறந்துபோன வெய்க்குப் பட்டத்தரசி என்ற பட்டமும் வழங்கப்பட்டது.

பதில் 5: அஞ்சறைப்பெட்டி

கஸ்தூரியைப் பற்றி எவரும் எழுதவில்லையே! கருவுற்ற பெண்கள் கஸ்தூரியைத் தவிர்க்க வேண்டும் என்று சீன மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. அந்த ஒரு வரியைத்தான் தொடர் எழுதுவோர் மாலையாகவும் களிம்பாகவும் பெருக்கிக்கொண்டார்கள்.

அந்த அரண்மனையில் குழந்தைகளைக் கொன்றது பெரும்பாலும் நோய், குறிப்பாகப் பெரியம்மை. சியான்லாங்கின் முதல் பட்டத்தரசியான ஃபுசா பெற்ற இரண்டாவது மகன், இரண்டு வயது நிறையும் முன்பே அம்மையில் இறந்தான். சில மாதங்களில், 1748இல் ஃபுசாவும் பயணத்தின் நடுவே தேசோவில் இறந்தார். அதற்கும் முன்பு, 1661இல் ஷுன்சி பேரரசர் அம்மையில் படுத்தபோது, ஏற்கெனவே அம்மை கண்டு பிழைத்த மகன் என்பதால்தான் காங்சி வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதைப் பரிந்துரைத்தவர்களுள் ஆதாம் ஷால் என்ற ஜெர்மானிய இயேசு சபைத் துறவியும் ஒருவர். காங்சிக்கு அப்போது வயது ஏழுகூட நிறையவில்லை.