பெருந்தொற்றில் சென்னையும் புறநகரும்

கேள்வி: 2020 ஜூன் 19 முதல் சென்னைக்கும் அதையொட்டிய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளுக்கும் ஒரே ஊரடங்குதான் விதிக்கப்பட்டது, அப்படியிருந்தும் மருத்துவ வசதியில் புறநகர் பின்தங்கியது ஏன்?

பதில் 1: ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் ஆகிய பெரிய அரசு மருத்துவமனைகள் நான்கும் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

பதில் 2: அது பாதி விடைதான். மாநகராட்சியின் களப்பணியாளர்கள் வாசலில் நின்று, வெப்பமானியை நெற்றிக்கு நேரே பிடித்து, வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தார்கள். வார்டுதோறும் முகாம்களும் நடந்தன. பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் அப்போது தனித்தனி நகராட்சிகளாக இருந்ததால், அத்தனை ஆள்பலத்தை அவற்றிடம் எதிர்பார்ப்பதே நியாயமில்லை. அவற்றையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானதே 2021-இல்தான்.

பதில் 3: தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆனால், பேருந்து ஓடாத நாட்களில் மாடம்பாக்கத்திலிருந்து அங்கு செல்வதற்கும் சொந்த வாகனம் வேண்டியிருந்தது.