டெலிரியம்: மறுவாழ்வுப் பிரிவுக் கையேட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மறுவாழ்வுப் பிரிவுச் செவிலியருக்கும் நோயாளியின் துணைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு கையேடு தயாராகிறது. 'டெலிரியம்' வருமிடத்தில் வரைவு தடுமாறுகிறது. ஒரு பக்கத்தில் சன்னி, அடுத்ததில் பிதற்றல், இன்னொன்றில் மனக்குழப்பம்.

குறிக்க வேண்டிய நிலை இது: சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும். காலையில் சரியாகப் பேசியவர் மாலையில் வேறு ஆளாகிவிடுவார். கவனம் ஒன்றில் நிற்காது. பின்னால் உடம்பு சார்ந்த காரணம் ஒன்று, பெரும்பாலும் இரண்டு மூன்று, இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்தவர், பக்கவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர் எல்லோரிடமும் பார்க்கிறோம்.

சன்னி, சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றமும் ஒருசேரக் கெடுவது. ஆனால் இன்று வீட்டில் 'ஜன்னி' என்றால் காய்ச்சலில் வெட்டி இழுப்பதுதான் நினைவுக்கு வரும். மனக்குழப்பமோ, எந்தக் கல்லூரியில் சேருவது என்று தெரியாதவனுக்கும் பொருந்தும்.

இலத்தீன் மூலத்தில் 'லிரா' என்பது உழுசால்; ஏர் அந்த உழுசாலை விட்டு விலகுவதுதான் டெலிரியம். 'சால்விலகல்' எனலாமா?

— மறுவாழ்வு மருத்துவம், கோவை

* * *

> 'சால்விலகல்' எனலாமா?

அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் வேண்டாம். சால் என்றால் பாதிப்பேர் தண்ணீர் வைக்கும் பானையை நினைப்பார்கள். மூலத்தின் வேரைப் பெயர்ப்பதால் பொருள் வந்துவிடுவதில்லை.

பிதற்றலை நீங்கள் போகிறபோக்கில் விட்டுவிட்டீர்கள். என் கண்ணில் அதுதான் ஆபத்தான சொல். கட்டிலிலிருந்து குதிப்பவரை யாரும் தவறவிட மாட்டார்கள். தவறிப்போவது மற்றவர்: கண்ணை மூடியே கிடப்பார், ஊட்டிய சோறு வாயிலேயே இருக்கும், பிசியோதெரபி குறிப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதப்பட்டிருக்கும். முதியவர்களிடம் இந்த வகை சாதாரணம். மனச்சோர்வு என்று எண்ணி அமிட்ரிப்டிலின் தொடங்கிவிட்டால் நிலை இன்னும் மோசமாகும். பிதற்றல் என்று பெயர் வைத்தால், பிதற்றாதவரை யார் சோதிப்பார்கள்?

டெலிரியத்தைக் கண்டறியும் 4ஏடி சோதனையைப் பாருங்கள். நான்கு உறுப்பு. விழிப்பு நிலை தெளிவாக மாறியிருந்தால் 4. வயது, பிறந்த தேதி, இருக்குமிடம், நடப்பு ஆண்டு கேட்டு ஒரு தவறுக்கு 1, இரண்டு அல்லது மேலென்றால் 2. டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொல்லி, ஏழு மாதம் எட்டாவிட்டால் 1, சோதிக்கவே முடியாவிட்டால் 2. நிலை திடீரென மாறியோ ஏறியிறங்கியோ இருந்தால் 4. கூட்டுத்தொகை 4 வந்தாலே டெலிரியமா என்று பார்க்க வேண்டும். இதில் சத்தத்துக்கு மதிப்பெண் எங்கேயும் இல்லை.

வார்டில் ஒருவரையொருவர் கேட்பதே 'இப்ப தெளிவா இருக்காரா?' என்றுதான். மயக்கம் தெளிகிறது, போதை தெளிகிறது. அந்த வேரிலிருந்து 'தெளிவிழப்பு'.

— முதியோர் மருத்துவம், மதுரை

* * *

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு விசயம்.

தனிமடலில் ஒருவர் 'மாறாட்டம்' என்று எழுதியிருந்தார். இங்கே அது பெரும்பாலும் முதுமை மறதிநோய்க்குப் போகிற சொல்; அறளை பெயர்ந்தது என்பதும் அதைத்தான். மறதிநோய் மாதக்கணக்கில், வருசக்கணக்கில் வருவது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், 'அம்மாவுக்கு ஏற்கெனவே மாறாட்டம்தானே' என்று வீட்டார் பேசாமல் இருந்துவிடுவினம். மறதிநோய் உள்ளவருக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு கூட என்பதால் இது சின்னப் பிழை அல்ல.

மற்றது, 'இழப்பு' என்றால் போனது போனதுதான். நினைவிழப்பு, பார்வையிழப்பு வரிசையில் சேர்ந்துவிடும். இதுவோ ஒரே நாளில் வந்து வந்து போவது, காரணத்தைக் கண்டு சரிப்படுத்தினால் பெரும்பாலும் மீள்வது. 'தெளிவுக்குலைவு' என்று போடுங்கள். குலைந்ததை அடுக்கலாம்.

— தாதியர் கல்வி, யாழ்ப்பாணம்

* * *

தெளிவுக்குலைவு கூட்டுச்சொல்லிலும் நிற்கிறது: அறுவைக்குப் பிந்தைய தெளிவுக்குலைவு, மதுநிறுத்தத் தெளிவுக்குலைவு. பின்னதைத் தனியாகச் சொல்ல முடிவது மிகவும் தேவை. கடைசியாகக் குடித்த இரண்டு முதல் நான்கு நாளில் வருவது அது. மற்ற வகைகளில் தவிர்க்கும் லோராசெபாம் என்ற மயக்கமூட்டி இங்கே மருந்து. குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும்.

கையேட்டில் அடுத்த சிக்கல், 'அஜிடேஷன்', அதாவது நோயாளி அடங்காமல் துடிக்கும் நிலை. வரைவில் உள்ள 'கிளர்ச்சி' கொடி பிடிப்பது, 'பதற்றம்' வேறு நோய்க்கு வழங்குவது. ஒருவர் 'இருப்புக்கொள்ளாமை' சொன்னார். அற்புதமான சொல், அதனால்தான் இங்கே செலவழிக்கக் கூடாது. மருந்தின் பக்கவிளைவாக வரும் அகதீசியாவுக்கு எடுத்து வையுங்கள். கிரேக்கத்தில் அதற்கு 'உட்கார முடியாமை' என்றே பொருள்.

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், அஜிடேஷனை அடக்க ஹாலோபெரிடால் கொடுத்தபின் ஒருவர் காலை மாற்றி மாற்றி வைக்கிறார், உட்கார்ந்ததும் எழுகிறார், 'உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது' என்கிறார். இது மருந்தால் வந்த இருப்புக்கொள்ளாமை. இரண்டுக்கும் ஒரே பெயர் எழுதினால் இரவுப் பணியில் இருப்பவர் அதே மருந்தை இன்னொரு முறை ஏற்றுவார். நம் ஊர் ஆம்பூலில் 5 மி.கி. இருக்கிறது, முதியவருக்குத் தொடக்க அளவு 0.5 மி.கி. அல்லது அதற்கும் குறைவு. முழு ஆம்பூல் பத்து மடங்கு. பார்க்கின்சன் நோயாளிக்கு அதுவும் கூடாது. இசிஜியில் கியூடி நீளம் (இதயத்துடிப்பின் ஒரு மின் இடைவெளி) பார்க்காமல் தொடக் கூடாது.

அஜிடேஷனுக்கு 'கொந்தளிப்பு' என் முன்மொழிவு. லேசான, கடுமையான என்று தரம் பிரிக்கலாம். தலைக்காயம் பட்டவரின் அஜிடேஷனை அளக்கும் 14 கூறு அளவுகோலுக்கும் பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4, மொத்தம் 14 முதல் 56. 'அமளி' வேண்டாம், அதில் நோயாளியைத் திட்டும் தொனி உண்டு.

— மருந்தியல், வேலூர்

* * *

கொந்தளிப்பு சரி. ஆனால் சொல்லுக்குக் கீழே 'மருந்து' என்று தொடங்காதீர்கள், காரணத்தைத் தேடுவது முதலில் வரட்டும்.

சிறுநீர் தேங்கியிருக்கிறதா? 'போய்க்கிட்டுதான் இருக்கு' என்ற பதிலை நம்ப வேண்டாம். நிரம்பிய பையிலிருந்து சொட்டுச் சொட்டாக வழிவதும் அப்படித்தான் தெரியும். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து ஸ்கேன் செய்யுங்கள். 400 மில்லிக்கு மேல் நின்றால் அதுவே காரணமாக இருக்கலாம். மலம் இறுகியிருக்கிறதா? வலியா? ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம் எப்படி? புதிதாக டிராமடோல் (வலிக்கு), குளோர்பெனிரமின் (ஒவ்வாமைக்கு), பென்ஸ்ஹெக்சால் (நடுக்கத்துக்கு) சேர்ந்ததா?

மறுவாழ்வுப் பிரிவுக்கே உரிய கண்ணி பாக்லோஃபென். தண்டுவடக் காயத்தில் தசை இறுக்கத்துக்கு மாதக்கணக்கில் எடுத்தவர், வார்டு மாறும்போது மருந்துச் சீட்டில் அது விட்டுப்போனால், காய்ச்சல், தசை இறுக்கம், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிவது என்று திரும்புவார், வலிப்பும் வரலாம். சிறுநீரகம் கெட்டவருக்கோ மருந்து தேங்கி ஒடுக்கிவிடும். நிறுத்தினாலும் கூடினாலும் தெளிவுக்குலைவு.

கையைக் கட்டினால் கொந்தளிப்பு ஏறும். தேவையில்லாத சிறுநீர்க் குழாயை எடுத்துவிடுங்கள். குழாயின் உள்முனைப் பலூன் ஊதியபடியே இருக்க அவர் பிடுங்கினால் சிறுநீர்ப்பாதை கிழியும். கண்ணாடியும் காதுக் கருவியும் பீரோவில் இருந்து பயனில்லை. பகலில் வெளிச்சமும் நடையும் வேண்டும். இரவு 2 மணி இரத்த அழுத்தம், அவசியம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

— மறுவாழ்வுச் செவிலியம், சென்னை

* * *

நன்றி. தெளிவுக்குலைவு, கொந்தளிப்பு, இருப்புக்கொள்ளாமை மூன்றும் ஏற்றாயிற்று. உட்பிரிவுக்கு 'கொந்தளிப்பு வகை, அமைதி வகை, கலப்பு வகை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

— கோவை

* * *

'அமைதி வகை' மட்டும் கூடாது ஐயா. 'இன்னிக்கு அமைதியா தூங்குறாரு' என்று துணைக்கு இருப்பவர் நிம்மதியாகச் சொல்வதைத்தான் நாம் நிறுத்தப் பார்க்கிறோம். 'ஒடுங்கிய வகை' என்று மாற்றுங்கள். கையேட்டில் அதன் பக்கத்திலேயே ஒரு வரி: 'நேற்றைவிடப் பேச்சு குறைந்து, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பினால், அப்போதே செவிலியரிடம் சொல்லவும்.'

— மதுரை